ஒன்றுமில்லை என்ற சொல்

கொல்லிமலைக்குப் போகிற பஸ், காரவள்ளியைத் தாண்டியதும் தன் சுபாவத்தையே மாற்றிக்கொண்டுவிடுகிறது. சேந்தமங்கலத்துச் சமவெளியில் அதுவரை சாதுவாக ஓடிவந்த வண்டி, அடிவாரத்தில் ஒரு முறை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முக்கி முனகி ஏறத் தொடங்கும். மேலே போய்ச் சேருவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கும். முதல் பத்து வளைவுகள் வரை பிரயாணிகள் பேசிக்கொண்டு வருவார்கள். அதற்கு மேல் சமவெளிக்காரர்களின் பேச்சு குறைந்துவிடும். மலைக்காரர்கள் மட்டும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு முறை அப்படிப் போனபோது, எனக்கு முன் இருக்கையில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் ஜன்னலோரத்தில் இருந்தாள். வளைவு வரும்போதெல்லாம் அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். கணவன் உடனே, “ஒண்ணுமில்லே, பயப்படாதே” என்பான். நல்ல பிள்ளை, உண்மையான அன்போடுதான் சொன்னான். ஆனால் இருபதாவது வளைவுக்குள் அதையே இருபது முறை சொல்லிவிட்டான். இருபத்தோராவது வளைவில் அந்தப் பெண் சட்டென்று திரும்பி, “ஒண்ணுமில்லே ஒண்ணுமில்லேன்னு சொல்லாதீங்க! அதைக் கேட்டாத்தான் இன்னும் பயமா இருக்கு!” என்றாள். பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். அவன் முகம் சுண்டிப் போயிற்று.

பக்கத்து இருக்கையில் ஒரு மலைக்காரக் கிழவி இருந்தாள். நாமக்கல்லில் அன்னாசிப் பழம் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்புகிறவள். அவள் குனிந்து கேட்டாள்:

“ஏங் கண்ணு, பயமா இருக்குதா?”

“ஆமாங்க ஆயா.”

“இருக்கத்தான் செய்யும். பள்ளம்னா பள்ளந்தானே? நான் இங்கயே பொறந்து வளந்தவ. மழை பேஞ்சா எனக்கே அடிவயிறு கலங்கும். நீ பள்ளத்தைப் பாக்காதே. அந்த டிரைவரு கையைப் பாரு. மொதல்ல ஆரன் அடிப்பாரு, அப்பறந்தான் ஒடிப்பாரு. ஏர்ற வண்டிக்கு எறங்கற வண்டி நின்னு வழி உடோணும். அதுதான் இங்கத்த மொறை. பலகையை எண்ணிக்கிட்டே வா. எழுவது வந்தா எம்பட ஊரு.”

அந்தப் பெண் எண்ண ஆரம்பித்தாள். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஐம்பதுக்கு மேல் ஒரு வளைவில் எதிரே லாரி வந்து நின்றபோது அவள் கிழவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஆனால் கண்ணை மூடவில்லை. எழுபதாவது பலகையை அவள்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னாள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. பயந்து நிற்கிற ஒரு மனிதனிடம், “பயப்பட ஒன்றுமில்லை” என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? பயப்பட ஏதோ இருக்கிறது என்று நமக்கே தெரிந்திருக்கும்போது?

‘இதென்ன பெரிய கேள்வி? பயந்தவனைத் தேற்றுவது தர்மந்தானே?’ என்று வாசகர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அபயம் அளிப்பதைத் தானங்களில் உயர்ந்ததாகச் சொல்லும் மரபு நம்முடையது. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் வரிசையில் வந்துவிடும் என்று வள்ளுவரே ஓரிடத்தில் இடம் கொடுக்கிறார். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன ஒரு பொய்யின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

பத்து வருஷங்களுக்கு முன்னால் என் தகப்பனாருக்குக் குடலிறக்கத்துக்காக ஆபரேஷன் நடந்தது. டாக்டர் என்னைத் தனியே அழைத்து, வயது காரணமாக நாலைந்து நாள் வலி கடுமையாகவே இருக்கும், இருமினால்கூட உயிர் போகும், ஆனால் ஆபத்தில்லை என்று விவரமாகச் சொன்னார். அப்பா என்னிடம், “என்னடா சொன்னார்?” என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, “ஒன்றுமில்லை அப்பா, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்குமாம், நாளைக்கே எழுந்து நடக்கலாமாம்” என்றேன். அவர் நிம்மதியாகத் தூங்கினார். எனக்கும் ஏதோ புண்ணியம் செய்துவிட்ட திருப்தி.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. மறுநாள் காலையில் வலி வந்தது. அவர் கத்தவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். வலி இருக்கும் என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால் அது வெறும் வலியாக இருந்திருக்கும். தெரியாததால், ஏதோ விபரீதம் நடந்துவிட்டது, அதை எல்லோருமாகச் சேர்ந்து தம்மிடம் மறைக்கிறோம் என்று அவர் நாலு நாளும் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். இது பின்னால் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு வருஷம் கழித்து அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். முடிவைப் பார்த்தேன், நிஜமாகவே ஒன்றுமில்லை. சந்தோஷத்தோடு அப்பாவிடம் போய், “ஒன்றுமில்லை அப்பா!” என்றேன். அன்று இரவு முழுவதும் அவர் தூங்கவில்லை. நான் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலே அவருக்குப் பயம் வந்துவிடும் என்கிற நிலைக்கு என் வாக்கைக் கொண்டுவந்து விட்டிருந்தேன். வள்ளுவர் கேட்டது குற்றமற்ற நன்மை. என் பொய்யின் குற்றம் ஒரு வருஷம் கழித்து வெளியே வந்தது.

இனி, கொல்லிமலையை நான் இன்னொரு விதமாகப் பார்த்த கதைக்கு வருகிறேன்.

சேலத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. வியாபாரி. நாற்பது வயதுக்கு மேல் ஆகாய விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கியவர். வேறொருவரோடு கூட்டாக ஒரு சின்ன செஸ்னா விமானம் வைத்திருக்கிறார். ஒற்றை இன்ஜின், நாலு பேர் உட்காரலாம், இறக்கை தலைக்கு மேலே இருக்கும். கதவைச் சாத்தினால் பழைய கார்க் கதவைச் சாத்துகிற சத்தந்தான் கேட்கும். “கொல்லிமலையை மேலேயிருந்து பாருங்கள்; ஆகாய கங்கை அருவியையும் காட்டுகிறேன்” என்று ரொம்ப நாளாக அழைத்துக்கொண்டிருந்தார். ஒரு டிசம்பர் மாதத்துக் காலையில், ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கிற விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

விமானத்தைப் பார்த்ததுமே எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. “பயமில்லையே?” என்று சிரித்துக்கொண்டு கேட்டேன். அவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லுவார், நானும் அதை நம்புவதுபோல் காட்டிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

“எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. அதனாலேதான் இந்தக் காகிதம்” என்று ஓர் அட்டையைக் காட்டினார். புறப்படுமுன் சரிபார்க்க வேண்டிய காரியங்களின் ஜாபிதா அது. அதை அவர் மனப்பாடமாகச் சொல்லுவார். ஆனாலும் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துத்தான் செய்தார். 1935 அக்டோபர் 30-ஆம் தேதி, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில், போயிங் கம்பெனியின் புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்று மேலே எழும்பிய உடனே விழுந்து எரிந்தது. ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். வாலிலிருந்த பூட்டை விடுவிக்க மறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் எவ்வளவு பெரிய விமானியானாலும் பட்டியலைப் பார்த்தே செய்ய வேண்டும் என்கிற வழக்கம் வேரூன்றியது என்று நண்பர் சொன்னார்.

பிறகு என்னிடம் ஐந்தாறு விஷயங்கள் விளக்கினார். பெல்ட்டை எப்படி அவிழ்ப்பது, கதவை எப்படித் திறப்பது, வாந்தி வந்தால் பை எங்கே இருக்கிறது என்பதெல்லாம். “இன்ஜின் நின்றுவிட்டால்?” என்று கேட்டேன். “கல் மாதிரி விழாது, சறுக்கிக்கொண்டு இறங்கும். ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஒன்றரை மைல் போகலாம். அதற்குள் ஒரு வயலைத் தேடிக்கொள்ள வேண்டும். மலைக்கு மேலே வயல் தேடுவது கஷ்டம். அதனால் மலையை உரசிக்கொண்டு தாழப் பறக்க மாட்டேன். பத்து மணிக்கு மேலானால் வெயிலில் பாறை சூடாகிக் காற்று மேலே கிளம்பும். அப்போது குலுங்கும். வண்டி தாங்கும், வயிறுதான் தாங்காது.” கடைசியாக இரண்டு வார்த்தை சொன்னார்: “வேறு விமானம் ஏதாவது கண்ணில் பட்டால் உடனே கை காட்டுங்கள், அது உங்கள் வேலை. எந்த நிமிஷமும் ‘திரும்பலாம்’ என்று நீங்கள் சொல்லலாம். காரணம் கேட்க மாட்டேன்.”

வானம் என்றால் திறந்த வெளி, பறவை மாதிரி இஷ்டப்படி போகலாம் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியில்லை. அது கண்ணுக்குத் தெரியாத அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு காவல்காரர் உண்டு. எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணி நேரத்துக்கு எரிபொருள் என்று முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து உத்தரவு வந்த பிறகே நகரலாம். அந்த உத்தரவைக் கேட்டால் மட்டும் போதாது. உயரம், திசை, எண் எல்லாவற்றையும் விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். காதுக்கருவியில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குரு சொல்வதைச் சிஷ்யன் திருப்பிச் சொல்கிற திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. அலங்காரமில்லை, ஆறுதல் இல்லை. சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்கிற ஒரே கவலைதான்.

உத்தரவு வரத் தாமதமாயிற்று. நாங்கள் கிளம்பும்போது பத்தரை மணி. இருபது நிமிஷத்துக்குள் கொல்லிமலை எங்களுக்குக் கீழே வந்துவிட்டது. மலைச் சரிவில் யாரோ நூல்கண்டை அவிழ்த்து உதறிப் போட்டது போல அந்த எழுபது வளைவுகளும் கிடந்தன. அதில் எறும்பு மாதிரி ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் யார் யார் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்து முடிப்பதற்குள் எங்கள் விமானம் தூக்கிப் போட்டது. அடுத்த நொடி கீழே இறங்கிற்று. மறுபடியும் தூக்கிப் போட்டது. நண்பர் சொன்ன குலுக்கல் இதுதான் என்று அறிவுக்குத் தெரிந்தது. வயிற்றுக்குத் தெரியவில்லை.

அருவி இன்னும் இரண்டு மூன்று நிமிஷ தூரத்தில் இருந்தது. நான், “திரும்பலாம்” என்றேன்.

அவர், “சரி” என்றார். அவ்வளவுதான். ‘இதோ வந்துவிட்டது’, ‘இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்’, ‘இதற்கா பயம்?’ – ஒரு சொல் இல்லை. ரேடியோவில், பிரயாணியின் விருப்பப்படி சேலம் திரும்புவதாகச் சொன்னார். உதவி ஏதாவது தேவையா என்று மறுமுனைக் குரல் கேட்டது. வேண்டாம் என்றார். விமானம் ஒரு சிறகைத் தாழ்த்தி வளைந்து வடமேற்கே திரும்பியது.

ஆச்சரியம் என்னவென்றால், விமானம் திரும்பி முடிப்பதற்குள் என் பயத்தில் பாதி இறங்கிவிட்டது. குலுக்கல் நிற்கவில்லை, காற்று மாறவில்லை. என் வார்த்தைக்கு அந்த விமானம் கட்டுப்பட்டது, அது ஒன்றுதான் மாறியிருந்தது. ஆகாய கங்கையை நான் பார்க்கவில்லை. அதற்காக இன்று வரை வருத்தப்படவும் இல்லை.

பயத்தில் இரண்டு பங்கு உண்டு என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. ஒரு பங்கு ஆபத்தைப் பற்றியது. மற்றொரு பங்கு, நாம் தனியாகிவிட்டோம், நம் பேச்சு யார் காதிலும் ஏறாது என்பதைப் பற்றியது. ‘ஒன்றுமில்லை’ என்கிற சொல் முதல் பங்கைக் குறைப்பதாகப் பாவனை செய்துகொண்டு இரண்டாவது பங்கை வளர்த்துவிடுகிறது. நீ கண்டது பொய், உன் வயிறு சொல்வது பொய் என்று பயந்தவனிடம் சொல்கிறோம். அவன் இப்போது பள்ளத்தோடும் தனியாக இருக்கிறான், நம்மோடும் தனியாக இருக்கிறான்.

விமானிகளின் உலகத்தில் பயத்தைச் சொல்லுவதற்கென்றே ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். ‘மேடே’ என்று மூன்று முறை சொன்னால் போதும். வானம் முழுவதும் வழி விட்டு நிற்கும். ‘வந்து காப்பாற்றுங்கள்’ என்கிற பிரெஞ்சுத் தொடரை ஒட்டி, 1920-களில் லண்டனில் குராய்டன் விமான நிலையத்தில் பிறந்த வார்த்தை அது. அதைச் சொல்வது அவமானமில்லை. சொல்லாமல் விழுங்குவதுதான் ஆபத்து. 1990 ஜனவரி 25-ஆம் தேதி, கொலம்பியாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த ஆவியாங்கா விமானம் ஒன்றை, மோசமான வானிலை காரணமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே காக்க வைத்துவிட்டார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. அவசரநிலை என்று சொல்லும்படி தலைமை விமானி துணைவரிடம் சொன்னார். துணைவர் ரேடியோவில், எரிபொருள் குறைந்து வருகிறது என்று மட்டும் தெரிவித்தார். அந்தக் கடுமையான சொல்லைச் சொல்லவில்லை. கீழே இருந்தவர்களும் அது அவ்வளவு அவசரம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. விமானம் ஊருக்கு வெளியே ஒரு குன்றில் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் மாண்டார்கள். மென்மையாகப் பேசியதற்கு அத்தனை விலை.

இதற்கு நேர் மாறான சம்பவமும் உண்டு. 1982 ஜூன் 24-ஆம் தேதி இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், ஜாவாவில் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் புகுந்துவிட்டது. நாலு இன்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தலைமை விமானி எரிக் மூடி பிரயாணிகளிடம், ஒரு சிறு பிரச்சினை, நாலு இன்ஜின்களும் நின்றுவிட்டன, அவற்றை மறுபடி ஓட வைக்க எங்களால் ஆனதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம் என்று அப்படியே அறிவித்தார். சாம்பலுக்குக் கீழே இறங்கியதும் இன்ஜின்கள் உயிர் பெற்றன; 263 பேரும் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள்.

அவர்கள் பிழைத்ததால் அவர் சொன்னது சரி என்று நான் வாதிக்கவில்லை. பிழைக்காமலே போயிருந்தால்? அந்தப் பிரயாணிகளுக்கு, என்னைப் போல் ‘திரும்பலாம்’ என்று சொல்லும் வசதியும் இல்லையே! தெரிந்துகொண்டு அவர்கள் செய்யக்கூடியது என்ன இருந்தது? இந்தக் கேள்வியை நான் ரொம்ப நாள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் தெரிகிறது. அந்த இருட்டில் சிலர் கையில் அகப்பட்ட காகிதத்தில் வீட்டாருக்கு நாலு வரி எழுதினார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் அந்த நாலு வரியை எழுத அவர்களுக்குத் தோன்றியிராது. ஒருவனுடைய கடைசி அரைமணி நேரம் அவனுக்கே சொந்தம். அன்பின் பெயராலும் அதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டுமா? இடிக்குப் பயந்து மடியில் ஒளிகிற குழந்தையிடம் மின்சாரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதா? வேண்டியதில்லை. அந்தக் கிழவி, அந்த ரோட்டில் எந்த வருஷம் எந்த வண்டி கவிழ்ந்தது என்று அந்தப் பெண்ணிடம் கதை சொல்லவில்லையே. அவளுக்கு உபயோகப்படுகிற உண்மையை மட்டும், அவள் தாங்குகிற அளவுக்குச் சொன்னாள். செய்வதற்கு ஒரு காரியம் கொடுத்தாள். தன் மணிக்கட்டையும் கொடுத்தாள். உண்மையைச் சொல்லிவிட்டுத் தான் தப்பித்துக்கொள்வது வேறு. சொல்லிவிட்டுக் கூடவே உட்கார்ந்திருப்பது வேறு. முதலாவது சில சமயம் பொய்யைவிடக் கொடுமையானது.

நடராஜருடைய திருவுருவத்தைப் பாருங்கள். ஒரு கை ‘அஞ்சேல்’ என்று அபயம் காட்டுகிறது. இன்னொரு கை நெருப்பை ஏந்தியிருக்கிறது. அந்த நெருப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு அவர் அபயம் காட்டவில்லை.

கொல்லிமலைக்கு இன்னொரு தெய்வத்தின் கதையும் உண்டு. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை. தெய்வம் சமைத்தது, இடியும் மழையும் காற்றும் சிதைக்க முடியாதது என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பாவை சிரிக்குமாம். அந்தச் சிரிப்பில் மயங்கி நெருங்குகிறவர்களைக் கொன்றுவிடுமாம். அந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நான் சிரித்த சிரிப்பு என் ஞாபகத்துக்கு வருகிறது.

போன வருஷம் அப்பாவுக்குக் கண்புரை எடுக்க வேண்டியிருந்தது. முதல் நாள் மாலை திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், வழக்கம்போல என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

“டாக்டர் என்ன சொன்னார்?”

சொன்னேன். மரத்துப்போக மருந்து விடுவார்கள், விழித்துக்கொண்டுதான் இருப்பீர்கள், வெளிச்சம் கூசும், பிறகு உறுத்தும், அபூர்வமாகச் சிலருக்குச் சிக்கல் வருவதும் உண்டு, அப்படி வந்தால் செய்ய வேண்டியதை டாக்டர் சொல்லியிருக்கிறார். இவ்வளவும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். பிறகு, “எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது அப்பா” என்றேன்.

அவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ எதற்குடா பயப்படுகிறாய்? கண் என்னுடையது” என்றார். பிறகு உள்ளே பார்த்து, இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவரும்படி குரல் கொடுத்தார்.